மாணிக்கி டீச்சரும் கண்ணாடி ஜாடியும்

அல்லிக்குளத்தில் மாணிக்கி என்ற மீன்கொத்தி, மூன்று மீன்கொத்திக் குஞ்சுகளுக்கு மீன்பிடிக்கக் கற்றுக்கொடுத்து வந்தது. மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. மழை வந்தால் குளம் கலங்கிவிடும். அதற்குள் குஞ்சுகள் தேறாவிட்டால் பட்டினிதான்!

ஒருநாள் குளத்தைச் சுற்றிப்பார்க்க வந்த யாரோ, ஒரு கண்ணாடி ஜாடியைத் தண்ணீரோடு கரையில் விட்டுப்போனார்கள். மாணிக்கி ஒரு கெண்டை மீனை உயிரோடு கவ்வி வந்து அதற்குள் போட்டது.

"ஐயோ, எவ்வளவு கிட்டத்தில் தெரியுது!" என்று குஞ்சுகள் குதித்தன.

அன்றுமுதல் தினமும் ஜாடிப் பாடம்தான். குஞ்சுகள் துடுப்பைப் பார்த்தன, செவுளைப் பார்த்தன, கண்ணெடுக்கவில்லை.

"இனி நான் தொண்டைத்தண்ணீர் வற்றக் கத்த வேண்டாம்!" என்று மாணிக்கி கிளையில் சுகமாகக் கண்ணயர்ந்தது.

பிறகு குஞ்சுகள் முதல்முறையாகக் குளத்தில் பாய்ந்தன. மூன்றும் வெறும் அலகோடு திரும்பின!

"டீச்சர், மீன் அங்கேதான் இருந்துச்சு! கிட்டப் போனா காணோம்!" என்றது நீலன் என்ற குஞ்சு.

அருகில் நின்ற கொக்கு விழுந்து விழுந்து சிரித்தது. "நாங்களெல்லாம் ஜாடியைப் பார்த்தா வளர்ந்தோம்? தூக்கிப் போடு அதை!"

மாணிக்கிக்கு வெட்கமாகிவிட்டது. மீனைக் குளத்தில் விட்டு, ஜாடியைக் கோரைக்குள் உருட்டிவிட்டது. மறுநாள் முதல் பாய்ச்சல், பாய்ச்சல், பாய்ச்சல்தான்!

"தண்ணீருக்குள் மீன் சற்று மேலே இருப்பதுபோலத் தெரியும். தெரியும் இடத்துக்குச் சற்றுக் கீழே குறிவையுங்க!" என்று கூடவே பறந்து சொல்லிக்கொடுத்தது. குஞ்சுகளுக்குக் குறி தப்புவது குறைந்தது.

கடைக்குட்டி செவ்வந்தி ஒருநாள் பெரிய மீனோடு மேலே வந்தது. மறுகணமே வீறிட்டது. அது கெளுத்தி! அதன் முள் செவ்வந்தியின் வாயில் குத்தியிருந்தது.

மாணிக்கி பதறிப்போய் முள்ளைப் பிடுங்கியது. "கெளுத்திக்குத் துடுப்போரம் முள் இருக்கும்னு சொன்னேனே!"

"சொன்னீங்க டீச்சர். ஆனா நான் பார்த்ததே இல்லையே!" என்று செவ்வந்தி தேம்பியது. "ஜாடி இருந்திருந்தா பார்த்திருப்பேன்!"

மாணிக்கிக்குச் சுருக்கென்றது. 'ஜாடி என்ன தப்பு செய்தது? தூங்கியது நானல்லவா!'

உடனே கொக்கிடம் பறந்தது. "கொக்கண்ணே, அந்த ஜாடியில் தண்ணீர் மொண்டு நிமிர்த்தி வையுங்கள்!"

"மறுபடியுமா?"

"மறுபடியும்தான்! ஆனால் இந்த முறை நான் தூங்கமாட்டேன்!"

கொக்கு முணுமுணுத்துக்கொண்டே நிமிர்த்தி வைத்தது. மாணிக்கி ஒரு கெளுத்திக்குஞ்சை அதற்குள் விட்டது. "முள் எங்கே? எப்படி விரியுது, சொல்லுங்க!" குஞ்சுகள் சொன்னதும், "பார்த்தது போதும்! போய்ப் பாயுங்க!" என்று குளத்துக்கு விரட்டியது.

மழை இறங்குவதற்குள் மூன்றும் தேறிவிட்டன. செவ்வந்தி ஒரு கெளுத்தியைக் கண்டு ஒதுங்கி, அடுத்திருந்த கெண்டையைக் கவ்வி வந்தது!

கொக்கு தயங்கித் தயங்கி வந்தது. "டீச்சர்... என் பிள்ளையும் அந்த ஜாடியைக் கொஞ்சம் பார்க்கட்டுமா?"

"தாராளமா!" என்று சிரித்தது மாணிக்கி. "கூடவே நீங்களும் உட்காருங்க!"

கருவி காட்ட மட்டுமே செய்யும். எதைக் காட்டுவது, எப்போது அதை விட்டுப் பழக வைப்பது என்று கூடவே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டியவர் ஆசிரியரே.