அப்பத்தின் மேல் விழுந்த துணி

ஆடும் கோழியும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், மேற்குக் கடலோரத் துறைமுகம் ஒன்றில் நப்தலி என்ற யூதர் மிளகு வணிகம் செய்துவந்தார். அவர் மனைவி சிப்போரா.

ஓர் ஆண்டு மழைக்காலம் நீண்டது. கோதுமை ஏற்றிய கப்பல் ஒன்றும் கரைக்கு வரவில்லை. பானையின் அடியில் கிடந்த கோதுமையில் வண்டு விழுந்திருந்தது. சிப்போரா அதைப் பொறுக்கிப் புடைத்தாள், திருகையில் அரைத்தாள், ஈரவிறகை ஊதி ஊதி வெள்ளி மாலை தொடங்கும் ஓய்வுநாளுக்கு இரண்டு அப்பங்கள் சுட்டாள். சிறிய அப்பங்கள், மேலே வெடிப்பு. வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போது விளக்கேற்றிக் கண்மூடி வேண்டிக்கொண்டாள். விளக்கேற்றிவிட்டால் மறுநாள் இருட்டும்வரை அந்த வீட்டில் அடுப்பு எரியாது.

ஜெபக்கூடத்திலிருந்து நப்தலி ஒரு விருந்தாளியோடு வந்தார். வந்தவர் அரபுக் கரையிலுள்ள ஏடன் நகரத்து வணிகர். மேசையைப் பார்த்ததும் நப்தலிக்கு முகம் சுருங்கியது.

"இதையா விருந்தாளி முன் வைப்பாய்? என் மானத்தை வாங்கவா சுட்டாய்?" என்று கத்தி, இரண்டு அப்பங்களையும் முற்றத்தில் வீசினார்.

அவை கட்டிப்போட்டிருந்த ஆட்டின் காலடியில் போய் விழுந்தன. ஆடு மோந்து பார்த்துவிட்டு விலகி நின்றது.

"ஏன், நீயும் தின்னமாட்டாயோ?" என்றார் நப்தலி.

"மூன்று நாளாக அவள் இருமிக்கொண்டே அடுப்பு ஊதியதைப் பார்த்தவன் நான். இதைத் தின்றால் எனக்குச் செரிக்காது. உமக்கு எப்படி ஐயா வீச மனம் வந்தது?" என்றது ஆடு.

சிப்போரா முற்றத்தில் இறங்கி அப்பங்களை எடுத்து, மண்ணைத் தட்டி, மேசையில் திரும்ப வைத்தாள். தோளில் கிடந்த வெள்ளைத் துணியை உருவி அவற்றின் மேல் போட்டாள்.

"இந்த அப்பம் இனி உங்கள் முகத்தில் விழிக்காது" என்றாள்.

"பசிக்கிறது. துணியை எடு."

"எடுக்கமாட்டேன். ஜெபக்கூடத்தில் கடவுளைப் புகழத் தொண்டை கிழிகிறதே, வீட்டுக்குள் வந்ததும் அந்த வாய்க்கு என்ன ஆகிறது? என்னைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லுங்கள். இந்த விருந்தாளியின் காதும் கேட்கட்டும்."

நப்தலி துணியின் பக்கம் கை நீட்டினார். அகப்பையால் அவர் விரலில் ஒன்று போட்டாள்.

விருந்தாளி தலையைக் குனித்துக்கொண்டார். விளக்கில் எண்ணெய் இறங்கிக்கொண்டிருந்தது.

"நீ... நன்றாகச் சமைப்பாய்" என்று முனகினார் நப்தலி.

"அது எனக்குத் தெரியும்."

அப்போதுதான் அகப்பையைப் பிடித்திருந்த அவள் உள்ளங்கையைப் பார்த்தார். திருகைப் பிடி உரசி, கொப்புளம் உடைந்து, தோல் உரிந்திருந்தது. அவர் எழுந்து நின்றார்.

"ஊரில் யார் வீட்டிலும் கோதுமை இல்லை. என் வீட்டில் இரண்டு அப்பம் இருந்தது. உன்னால் இருந்தது. நான் வீசினேன். எழுந்து நின்று சொல்கிறேன், முத்துக்களைவிட நீ உயர்ந்தவள்."

சிப்போரா துணியை எடுத்தாள். நப்தலி உரக்க ஆசி சொல்லி அப்பத்தைப் பிட்டார். பல்லில் மண் நறநறத்தது. மூவரும் ஒரு துணுக்கு விடாமல் தின்றார்கள். அவள் கோபம் தீர்ந்ததென்று மட்டும் யாரும் எண்ணவேண்டாம், அடுத்த வாரமும் துணியைப் போட்டுவிட்டுத்தான் அவரை உட்காரச் சொன்னாள்.

அன்று தொடங்கித்தான் யூதர் வீடுகளில், வெள்ளிக்கிழமை மாலை வீட்டுப் பெண்ணைப் புகழ்ந்து பாடி முடியும்வரை அப்பம் துணிக்குள் முகத்தை மூடிக்கொண்டு காத்திருக்கிறது.