எனக்கு விற்காதீர்கள்

“இனி என் ஆயுசுக்கும் துப்பாக்கி வாங்க மாட்டேன். இது சத்தியம் தாயே,” என்றான் உடையப்பன்.

“யார்கிட்ட சொல்றீங்க அண்ணே?”

“உங்ககிட்டதான்.”

“நான் துப்பாக்கி விக்கிறதில்லையே,” என்றாள் நாச்சியம்மை.

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மலைமேல் அவளுக்கு ஒரு குடிசை, பக்கத்தில் ஒரு சுனை. தேடி வருகிறவர்களில் பாதிப் பேர் அவளைவிட மூத்தவர்கள். உடையப்பனுக்கும் ஐம்பது தாண்டியிருந்தது. அவன் அவளைத் தாயே என்பான். அவள் அவனை அண்ணே என்பாள்.

போன மழைக்காலத்தில் உடையப்பன் தன் துப்பாக்கியால் தன்னையே முடித்துக்கொள்ளப் பார்த்தான். ஏதோ வேலையாக வந்த மச்சான் கையைப் பிடித்துவிட்டான். துப்பாக்கியை ஆற்றுமடுவில் எறிந்துவிட்டு, ஆளை மலைக்குக் கூட்டிவந்தான். கோடை முழுக்க அம்மையின் குடிசையில் விறகு பிளந்து, தண்ணீர் சுமந்து, உடையப்பன் ஒருவாறு தேறியிருந்தான்.

“நாளைக்கு ஊருக்குப் போறேன். சத்தியம் பண்ணிட்டுப் போனா மனசுக்குத் தைரியமா இருக்கும்.”

“சத்தியம் பண்றது யாரு?”

“நான்.”

“மீறப் போறது?”

உடையப்பன் யோசித்தான். “அதுவும் நான்தான்.”

“ரெண்டும் நீங்களே. நடுவுல தடுக்க ஆள் வேண்டாமா?”

அவனும் ஒரு பிடி கீரையை எடுத்து ஆயத் தொடங்கினான்.

“விக்கிறவர்கிட்ட போய்ச் சொல்லுங்க அண்ணே,” என்று அவள் கீரைத்தண்டை ஒடித்தாள்.

*

அடிவாரத்தில் துப்பாக்கி விற்றவர் மஸ்தான் ராவுத்தர் ஒருவர்தான். அவர் கடைக்கு ஒரு வழக்கம் உண்டு. வாங்குகிறவன் வாசலில் நின்று, எதற்காக வாங்குகிறான் என்பதை எதிர்க்கடைக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும். சொல்லக் கூசுகிறவன் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

உடையப்பன் கடைக்குள் போய்க் காதோடு சொன்னான்.

“வாசலுக்கு வாரும்,” என்றார் ராவுத்தர். “வேணுங்கிறவன் சத்தமாச் சொல்றான். வேண்டாங்கிறவருக்கு மட்டும் தனிச் சட்டமா?”

உடையப்பன் வாசலில் நின்றான். “எனக்குத் துப்பாக்கி விக்காதீங்க.”

எதிரே டீக்கடைப் பொன்னுரங்கம் தலையை நீட்டினான். “உம்மை யாரு வோய் வாங்கச் சொல்லிக் கையைப் பிடிச்சு இழுத்தா? பொண்ணே பாக்காம, கல்யாணம் வேண்டாங்கிறாரே மாப்பிள்ளை!”

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ராவுத்தர் சிரிக்கவில்லை.

“காரணத்தையும் சொல்லணும் உடையப்பரே.”

“என்னை நானே சுட்டுக்கிடுவேனோன்னு பயமா இருக்கு.”

பொன்னுரங்கம் ஆற்றிக்கொண்டிருந்த டீயை அப்படியே கீழே வைத்தான்.

“சரி,” என்றார் ராவுத்தர். “எப்படி வந்தா குடுக்கக் கூடாது?”

“அழுதுக்கிட்டு வந்தா. குடிச்சிட்டு வந்தா.”

“ஆகட்டும்.”

உடையப்பன் பாரம் இறங்கினவனாக மலையேறினான்.

*

அம்மை முழுவதையும் கேட்டுக்கொண்டாள்.

“அன்னைக்கு அழுதீங்களா அண்ணே?”

“என்னைக்கு?”

“மச்சான் வந்து கையைப் பிடிச்ச அன்னைக்கு.”

உடையப்பன் நினைத்துப் பார்த்தான். அன்று காலையில் சுடுதண்ணீர் போட்டுக் குளித்திருந்தான். முகம் மழித்திருந்தான். மாட்டுக்குப் புல்லை அள்ளிப் போட்டுவிட்டு, வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற கொத்தனாரிடம் கேலி பேசினான். நெஞ்சு அதற்குமுன் அவ்வளவு லேசாக இருந்ததில்லை.

துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மறுபடி கீழே இறங்கினான்.

*

“சிரிச்சுக்கிட்டு வந்தாலும் குடுக்காதீங்க,” என்றான் வாசலில் நின்று.

“நல்ல காரணம் சொன்னா?”

“அப்பவும்தான்.”

“முன்னே சொன்னது செல்லாது, இப்போ குணமாயிட்டேன்னு நீரே வந்து சொன்னா?”

உடையப்பன் மலைப்பக்கம் திரும்பிப் பார்த்தான்.

“அம்மையைக் கூட்டிக்கிட்டு வந்து சொன்னா மட்டும் கேளுங்க.”

பொன்னுரங்கம் ஒரு டீயைக் கொண்டுவந்து உடையப்பன் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

*

மறுபடியும் மழை பிடித்தது.

ஒரு நாள் காலையில் உடையப்பன் கடை வாசலில் வந்து நின்றான். ராவுத்தர் கேட்பதற்கு முன்பே குரலை உயர்த்திச் சொன்னான்.

“காட்டுப்பன்னி, ராவுத்தரே! கிழங்கையெல்லாம் கிண்டிப் போட்டிருச்சு. நல்லதா ஒண்ணு எடுங்க.”

அந்த வருஷம் பன்றித் தொல்லை இருந்தது உண்மை. அதே காரணத்துக்கு ராவுத்தர் வேறு ஆட்களுக்கு விற்றுமிருந்தார்.

“அம்மை எங்கே?”

“அது அப்போ. அப்போ நான் சீக்காளி. இப்போ ஆளைப் பாரும்.”

“பாத்தேன். நல்லாத்தான் இருக்கீர்.”

“அப்புறம் என்ன?”

“நல்லா இருந்தாலும் குடுக்கக் கூடாதுன்னு ஒருத்தர் சொல்லியிருக்காரு.”

“அந்த ஒருத்தரே நான்தானய்யா!”

“இருக்கலாம். அவருக்கு வார்த்தை குடுத்திருக்கேன்.”

“ஒரு பைத்தியக்காரன் பேச்சைக் கேட்டு ஒரு சம்சாரியைப் பட்டினி போடுறீரே. இது நியாயமா?”

“அவரைப் பைத்தியக்காரன்னு நான் சொல்லமாட்டேன்,” என்றார் ராவுத்தர். “ரொம்பத் தெளிவாப் பேசினாரு.”

உடையப்பன் பொன்னுரங்கத்தைப் பார்த்தான். “நீராவது சொல்லும்.”

“நானும் கேட்டவன்தானே வோய்,” என்றான் பொன்னுரங்கம்.

*

மலைப்பாதை வழுக்கிற்று. உடையப்பன் நிற்காமல் ஏறினான். குடிசை வாசலில் நின்றே கத்தினான்.

“கிளம்புங்க தாயே. வந்து ராவுத்தர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. வெள்ளாமை பாழாப் போகுது. அந்த மனுஷன் என்னைச் சந்தி சிரிக்க வைக்கிறாரு.”

அம்மை உடனே எழுந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கைத்தடியை எடுத்தாள்.

“வர்றேன் அண்ணே. பன்னி ரொம்பத் தின்னுட்டுதோ?”

“பாதிக்கு மேல போச்சு.”

“என்ன கிழங்கு?”

“மரவள்ளி.”

“எப்போ நட்டீங்க?”

உடையப்பன் வாயைத் திறந்தான்.

கிண்டிக் கிடந்த மண்ணை அவன் கண்ணால் பார்த்திருந்தான். கடித்துப் போட்ட கிழங்குகளைக் கையில் எடுத்தும் பார்த்திருந்தான். பொய் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அது வேலிக்கு அந்தப் பக்கம், அடுத்தவர் நிலத்தில். அவன் நிலத்தில் இந்த வருஷம் ஏரே இறங்கவில்லை. வரப்பு தெரியாமல் எருக்கு முளைத்துக் கிடந்தது. தினமும் அதன் வழியாகத்தான் நடந்து போய் வந்தான்.

மழை கூரையிலிருந்து சொட்டியது.

“கிளம்பலாமா அண்ணே?” என்றாள் அம்மை.

அவன் வாசல்படியில் உட்கார்ந்தான்.

“இன்னைக்கு என்னைக் கீழே விடாதீங்க தாயே.”