அக்கரையிலும் ஒரு மண்டபம்

வெகு காலத்துக்கு முன்னால் செங்கழனி நாட்டை ரணதீரன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் கண் விழித்ததும் அவன் கேட்கிற முதல் கேள்வி, "அக்கரைக்காரன் என்ன செய்கிறான்?" என்பதுதான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேம்பாற்று நாடு. அந்த ராஜா தேர் செய்தால் இவனுக்கும் தேர் வேண்டும். அவன் மீசை வளர்த்தால் இவனும் வளர்த்தாக வேண்டும். நாடாளுகிற லட்சணம் அப்படி!

செங்கழனியில் பூங்கோதை என்று ஒரு பண்டிதை இருந்தாள். ஜனங்கள் ஏன் ஊரை விட்டுப் போகிறார்கள், பஞ்சத்தில் எதைத் தின்கிறார்கள், பெண்ணை எங்கே கட்டிக்கொடுக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டுவந்து, ஒரு பழைய மண்டபத்தில் உட்கார்ந்து ஆராய்வாள். ஒற்றர் தலைவன் வீரபாகுவுக்கு அது பொறுக்கவில்லை. ஊர்ச்சேதி சொல்ல அவன் ஒருத்தன் போதாதாமா!

"மகாராஜா, இதெல்லாம் வெறும் ஊர்வம்பு. இதற்கு ஒரு மண்டபமா? யானையாவது கட்டலாம்."

"சரி, கட்டு. பௌர்ணமிக்குள் அவள் காலி செய்யட்டும்."

பூங்கோதை அமைச்சர் சாம்பமூர்த்தியிடம் ஓடினாள். "ஐயா, இத்தனை வருஷ உழைப்பும் யானைக் காலில் மிதிபடவா?"

"அழாதே அம்மா. நாளையிலிருந்து ஓடத்துறையில் போய் உட்கார். இறங்குகிற அக்கரைக்காரர்களிடமெல்லாம் கேள். சத்தமாகவே கேள். எதற்கு என்று யார் கேட்டாலும் வாயைத் திறக்காதே."

அப்படியே செய்தாள். "பஞ்சம் வந்தா உங்க ஊர்ல எதைத் திம்பீங்க? பொண்ணை எங்கே குடுப்பீங்க?" என்று அவள் கேட்கக் கேட்க, ஆலமரத்துக்குப் பின்னால் நின்ற வேம்பாற்று ஒற்றர்களுக்கு வியர்த்துவிட்டது. காரணம் சொல்லாமல் கேட்கிறாளே, இது என்ன சதியோ! அன்றே ஓடம் ஏறித் தங்கள் ராஜாவிடம் ஓடினார்கள்; போட்டியில் அவனும் இவனுக்குச் சளைத்தவன் இல்லை.

பௌர்ணமிக்கு முந்தின நாள் வீரபாகு மூச்சிரைக்க சபைக்குள் ஓடிவந்தான். "மகாராஜா! அக்கரையில் பெரிய மண்டபம் எழும்புகிறது! பண்டிதர்கள் வீடு வீடாகப் போய்க் கேட்கிறார்கள்!"

"என்ன கேட்கிறார்கள்?"

"பஞ்சத்தில் எதைத் தின்கிறீர்கள், பெண்ணை எங்கே..." பாதியில் அவன் நாக்கு நின்றது. சபையே சிரித்தது.

ராஜா சிரிக்கவில்லை. "அவனுக்கு இருக்கிறது, எனக்கு இல்லையா? நம் மண்டபத்தை இரண்டு மடங்காக்குங்கள்! யானையை இவன் வீட்டு முற்றத்தில் கட்டுங்கள்!"

சபை ஓரத்தில் நின்ற பூங்கோதைக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

வீரபாகு விடுவானா? "அப்படியானால் எதிரியைப் பற்றி மட்டும் ஆராயட்டும்!"

"அவர்கள் நம்மைவிட மேலா கீழா என்று சொல்ல, முதலில் நம்மைத் தெரிய வேண்டாமா மகாராஜா?" என்றாள் பூங்கோதை.

"மேலா! போய்க் கேள், உடனே கேள்!"

கேட்டாள். எல்லையோர இடையர்கள் மாட்டை ஓட்டிக்கொண்டு அக்கரைக்குக் குடிபோவது தெரிந்தது. அவர்களுடைய மேய்ச்சல் நிலத்தை வீரபாகு தன் குதிரைகளுக்கு வளைத்துப் போட்டிருந்தான். "என் ஜனம் அவன் பக்கமா?" என்று ராஜா குதித்த குதியில் அன்று சாயங்காலமே வேலி பிடுங்கப்பட்டது, வீரபாகுவின் பதவியும் போயிற்று. இரக்கம் இல்லை, பொறாமைதான். இருக்கட்டுமே, மாடுகளுக்குப் புல் கிடைத்தது.

ஓடத்துறைக் கேள்விகள் அமைச்சரின் தந்திரம் என்று புரிந்ததும் ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டான். "நல்ல ஆளய்யா நீர்! நாளைக்கே நானும் அக்கரைக்காரனும் சமாதானமாகிவிட்டால் இந்த மண்டபம் என்ன ஆகும்?"

"அதே பயம்தான் மகாராஜா. அதற்குள் எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிடு என்று பூங்கோதையிடம் சொல்லியிருக்கிறேன். பாருங்கள், சாப்பிடக்கூட நிற்காமல் ஓடுகிறாள்."