மேனேஜர் படித்த புகார்

"என் மேல என்ன தப்பு மேடம்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார் சிற்றம்பலம்.

அந்தக் கம்பெனியின் புகார்த் தளத்தை எழுதிய குழுவுக்கு அவர்தான் தலைவர். ஆக்னஸ், மென்பொருளில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வெளியிலிருந்து அழைக்கப்பட்டவர். சிற்றம்பலத்தைவிட வயதில் இளையவர். ஆனாலும் அவரைத்தான் குரு என்பார் சிற்றம்பலம். முகத்துக்கு நேரே மட்டும்.

நடந்ததைக் கேட்டால் வயிறு எரியும்.

தன்னோடு தனியாக வெளியூர் வரச் சொல்லி மேனேஜர் நச்சரித்தான். அவனுக்குக் கீழே வேலை பார்த்த வேணி மாட்டேன் என்றாள். அன்றிலிருந்து தொல்லை. தாங்க முடியாமல் அந்தத் தளத்தில் ரகசியப் புகார் எழுதினாள், சாட்சிகளின் பெயரோடு.

ஏசி ஓடவில்லை என்று அவனும் அங்கே ஒரு புகார் போட்டிருந்தான். அதைத் திறந்தான். மேலே இணைய முகவரியில் இருந்த புகார் எண்ணை மாற்றி மாற்றிப் போட்டான். வேணியின் புகார் வரிக்கு வரி திறந்துகொண்டது.

பிறகென்ன, சாட்சிகளை ஒவ்வொருவராக மிரட்டினான்; விசாரணையில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. பொய்ப் புகாராம். வேணிக்கு இன்றோடு வேலை இல்லை.

"யாரும் உடைச்சுக்கிட்டு உள்ள வரல மேடம். பாஸ்வேர்டு கேட்டோம். அவன் தன்னோடதைத்தான் கொடுத்தான்."

"வந்தவன் எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாதுன்னு கேட்டீங்களா?"

"அடுத்தவங்க புகார் அவன் மெனுவுலயே வராதே! மறைச்சுட்டோமே!"

"பூனை கண்ணை மூடிக்கிட்டா பூலோகம் இருண்டுடுமா சார்?"

சிற்றம்பலத்துக்குச் சுருக்கென்றது.

"எல்லாத்தையும் சோதிச்சோம் மேடம். ஒண்ணு விடல."

"யாரா உள்ள போய்?"

"அட்மினாத்தான். அதுல போனா எல்லாம் திறக்கும், வேலை சீக்கிரம் முடியும்."

"திறக்குதான்னு பார்த்தீங்க. யாருக்காவது திறக்காம இருக்கான்னு பார்த்தீங்களா?"

அவர் கழுத்தைத் தடவிக்கொண்டார். பார்க்கவில்லை.

"குறைன்னு மட்டும் அறிக்கையில எழுதிடாதீங்க மேடம். விசாரணையை மறுபடி ஆரம்பிக்கணும்னு வரும். என் தலைதான் உருளும்."

ஆக்னஸ் அறிக்கையைத் தட்டச்சு செய்துகொண்டே இருந்தார்.

சிற்றம்பலத்துக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"உங்களுக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவீங்க! மேனேஜருக்கு ஒரு பக்கம் திறக்கலன்னா அன்னைக்கே எனக்கு போன் வரும். என்னய்யா கட்டி வச்சிருக்கேன்னு கத்துவாங்க. முடியாதுன்னு சொல்ற தளத்தை இங்க யார் மேடம் ஏத்துக்குவாங்க?"

"அப்ப இந்தக் கட்டடத்துல அந்த ஆளுக்கு யாருமே முடியாதுன்னு சொன்னதில்லை."

"இல்லை மேடம். யாரும் சொன்னதில்லை."

ஆக்னஸ் எழுந்து ஜன்னல் திரையை விலக்கினார்.

கீழே வாசலில், அடையாள அட்டையைக் கழற்றி வாட்ச்மேன் கையில் கொடுத்துக்கொண்டிருந்தாள் வேணி.

"ஒருத்தி சொல்லியிருக்கா சார். அதோ போறா."