சுக்கு தின்ன மூணு பங்கு

இந்தக் கதைய எனக்கு மொதல்ல சொன்னது கனகமணி சித்தி. எனக்கு அப்போ எட்டு வயசு. பொன்னுக்குவீங்கி வந்து, கன்னம் ரெண்டும் பணியாரம் மாதிரி உப்பி, பள்ளிக்கூடம் போகாம படுத்துக் கெடந்தேன். சித்தி என் கால்மாட்டுல உக்காந்து, காலைப் பிடிச்சு விட்டுக்கிட்டே சொன்னாங்க. அவங்க சொன்ன மாதிரியே சொல்லுதேன் ஷைனி. நடுவுல நீ ம் கொட்டணும், என்ன. உன் ம் நின்னுட்டா கதையும் நின்னுரும்.

ம்.

ஒரு ஊர்ல ஒரு அம்மா இருந்தா. பேரு தங்கபுஷ்பம். அவளுக்கு மூணு பிள்ளைங்க. மூத்தவன் ஞானராஜ், பம்பாயில மில்லு வேலை. நடுவுலவ எலிசா, கோயம்புத்தூர்ல கெட்டிக்குடுத்தாச்சு. கடைசி ரூபன், மலை மேல தேயிலைத் தோட்டத்துல மேஸ்திரி. வீட்டுக்காரர் எப்பவோ ஆண்டவர்கிட்ட போயிட்டார். அப்போ வீட்ல மிச்சம் ரெண்டே பேர். ஒண்ணு தங்கபுஷ்பம். இன்னொண்ணு யாரு சொல்லு.

நாயி.

ஆமா, நாயி. பேரு சுக்கு. குட்டியா இருக்கையில ரூபன்தான் சட்டைக்குள்ள போட்டுக் கொண்டாந்தான். காஞ்சு சுருண்டு, எலும்பும் தோலுமா, பாத்தா சுக்குத் துண்டு மாதிரியே இருந்துதாம். அப்புறம் தேறி, வீட்டுக்கே காவலாச்சு. பிள்ளைங்க ஊருக்குப் போகும்போதெல்லாம் கூடவே பஸ் நிக்கிற இடம் வரைக்கும் போகும். திரும்பி வரும்போதும் அதுக்குத்தான் மொதல்ல தெரியும். பாம் பாம்னு ஹாரன் கேட்டாப் போதும், வாசப்படி மூணையும் ஒரே தாவா தாவி, செம்மண்ணுல சல் சல்னு ஓடும். தங்கபுஷ்பம் பின்னால முந்தானைய இழுத்துச் சொருகிட்டு வருவா.

ம்.

அந்த ஊர் வேதக்கோயில் பெண்டுகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. காலையில உலை வைக்கதுக்கு முன்னால, ஒரு பிடி அரிசி எடுத்து ஒரு மண் கலயத்துல போட்டுருவாங்க. அது ஆண்டவருக்கு. பிடியரிசின்னு பேரு. சனிக்கிழமை சாயங்காலம் கோயில் உபதேசியார் சாக்கைத் தோள்ல போட்டுட்டு வீடு வீடா வந்து வாங்கிட்டுப் போவார். பண்டிகை அன்னைக்கு அந்த அரிசியையெல்லாம் பொங்கி, ஊரே பந்தியில உக்காந்து சாப்பிடும். அதுக்கு அசனம்னு பேரு. நீயும் போன வருஷம் சாப்பிட்டியே, கத்திரிக்காய் குழம்பு ஊத்தி.

தங்கபுஷ்பமும் பிடியரிசி போடுவா. ஆனா அதோட நிறுத்த மாட்டா. கலயத்துல ஒரு பிடி போட்டுட்டு, பானையில ரெண்டு ரெண்டு பிடியா அள்ளிப் போடுவா. மொத ரெண்டு பிடி தனக்கு. அப்புறம், "ஞானராஜக் காத்துக்கோ ஆண்டவரே"ன்னு ரெண்டு பிடி. "எலிசாவக் காத்துக்கோ"ன்னு ரெண்டு பிடி. "ரூபனக் காத்துக்கோ"ன்னு ரெண்டு பிடி. பிள்ளைங்க வீட்ல இருந்த காலத்துல வந்த பழக்கம். அவங்க ஒவ்வொருத்தரா வெளியூர் போயும் அந்தக் கை நிக்கல. அதுதான் அவ ஜெபம்.

அப்போ தினமும் சோறு மிஞ்சும்ல. என்ன பண்ணுவா?

சுக்குக்கு.

அதேதான். மீன் குழம்பு ஊத்திப் பிசைஞ்சு, மூணு பெரிய உருண்டையா உருட்டுவா. "இது ஞானராஜுக்கு", லபக். "இது எலிசாவுக்கு", லபக். "இது ரூபனுக்கு", லபக். தின்னு முடிச்சுட்டு சுக்கு அவ கைய நக்கும். அவளுக்குப் பிள்ளைங்க சாப்பிட்டு எந்திரிச்ச மாதிரி வயிறு நெறைஞ்சுரும்.

ஒரு வருஷம் போச்சு, ரெண்டு வருஷம் போச்சு. சுக்கு இஞ்சி ஆச்சு. அப்புறம் இஞ்சி பூசணிக்காய் ஆச்சு. சல் சல்னு ஓடுனது தொபுக் தொபுக்னு நடந்துது. பஸ் ஹாரன் கேட்டா காது மட்டும் தூக்கும், உடம்பு தூக்காது.

பக்கத்து வீட்டு செல்லக்கனி கேலி பண்ணுவா. "எக்கா, உங்க நாயிக்குக் கழுத்து எங்கன இருக்கு? சங்கிலி கெட்டணும்னா தேடணும் போலிருக்கே."

"கண்ணு வைக்காதட்டி. வாயில்லா ஜீவன் நாலு வாய் திங்குது."

"நாலு வாயா? அது தின்ன வாய எண்ணுனா நாளைக்கு விடிஞ்சிரும்."

ம் கொட்டு மக்கா. தூங்கிட்டியா?

இல்ல. ம்.

ஒரு ஞாயித்துக்கிழமை கோயில் மணி டாண் டாண்னு அடிச்சுது. தங்கபுஷ்பம் வேதாகமத்த எடுத்துக்கிட்டு நடந்தா. சுக்கும் வழக்கம்போல பின்னால வந்துது. பாதி வழியில சத்தத்தக் காணோம். திரும்பிப் பாத்தா, சுக்கு மண்ணுல சரிஞ்சு கெடக்கு. நாக்கு வெளிய தொங்குது. ஹ்ஹே ஹ்ஹேன்னு மூச்சு மட்டும் வருது. அன்னைக்கு அவ ஆராதனைக்குப் போகல. செல்லக்கனி வீட்டுத் தள்ளுவண்டியில சாக்கை விரிச்சு, ரெண்டு பேருமா சுக்கைத் தூக்கிப் போட்டு, கடகட கடகடன்னு தள்ளிக்கிட்டு மாட்டாஸ்பத்திரி டாக்டர் வீட்டுக்கே போனாங்க.

டாக்டர் சுக்கோட விலாவுல விரலை வச்சு அமுக்கினார். இன்னும் அமுக்கினார். "ஏம்மா, விலா எலும்புன்னு ஒண்ணு கைக்குத் தட்டணும். இவனுக்கு மெத்தைதான் தட்டுது. உங்க வீட்ல எத்தனை பேரு?"

"நாலு பேருய்யா."

"இப்போ வீட்ல இருக்கிறது?"

"நானும் இவனும்."

டாக்டர் விலாவுல இருந்து கைய எடுத்தார். அப்புறம் மெதுவாச் சொன்னார். "அப்போ மூணு ஆள் சோத்தையும் இவன்தான் திங்கான். இப்படியே போனா இவன் கிறிஸ்மஸ் பாக்க மாட்டான். காலையில ஒரு பிடி சோறு, சாயங்காலம் ஒரு பிடி. அது கூட அதே அளவு சுரைக்காயோ பூசணிக்காயோ அவிச்சுப் போடுங்க. உப்பு, எண்ணெய் வேண்டாம். முள்ளு எடுத்த மீனு ஒரு துண்டு. அவ்வளவுதான். ஆனா பட்டினி மட்டும் போட்டுராதீங்க."

தங்கபுஷ்பம் தலைய ஆட்டிட்டு வந்தா. ஆனா வர்ற வழியிலேயே அவளுக்குத் தோணிட்டு. டாக்டர் சொன்னத விட சீக்கிரமா ஒரு வழி இருக்கேன்னு.

வெள்ளிக்கிழமை அவளுக்கு உபவாசம். "நானும் சாப்பிடல, நீயும் சாப்பிடாத. ரெண்டு பேருமா ஜெபம் பண்ணுவோம்"னு சுக்குக்கும் உபவாசம் வச்சுட்டா. அவ முழங்கால் போட்டுக் கண்ண மூடி ஜெபம் பண்ணுதா. சுக்கு மெதுவா நழுவி, செல்லக்கனி கோழிக்கு வச்சிருந்த தவிட்டுச் சட்டிய சளப் சளப்னு நக்கிட்டு, கொல்லையில வந்து உவ்வே உவ்வேன்னு எல்லாத்தையும் கக்கிட்டு.

"எக்கா, உங்க நாயி உபவாசத்த எங்க வீட்ல வந்து முடிச்சிட்டு"ன்னா செல்லக்கனி.

சரின்னு, அப்புறம் டாக்டர் சொன்னபடியே செஞ்சா. சுரைக்காய், ஒரு பிடி சோறு, ஒரு துண்டு மீனு. எல்லாம் சரி. ஆனா பானையில மூணு பேர் சோறு அப்படியே இருக்கே. சுக்கு பானையப் பாத்துது, அவளப் பாத்துது. ஊங்னு ஒரே ஒரு சத்தம். "சரி, ஞானராஜுக்கு மட்டும்"னு ஒரு உருண்டை குடுத்தா. அப்போ எலிசா என்ன பாவம் பண்ணா? ரூபன் என்ன பாவம் பண்ணான்? லபக், லபக், லபக். பதினஞ்சு நாள் கழிச்சுக் கருப்பட்டிக் கடையில மூட்டை நிறுக்கிற தராசுல ஏத்துனா, சுக்கு முன்ன இருந்த எடைக்கு அரை கிலோ கூடி நின்னுது. கடைக்காரர், "இந்தச் சிப்பம் நல்ல கனமான சிப்பம்லா"ன்னு சிரிச்சார். அவளுக்குச் சிரிப்பு வரல.

அப்போதான் அவளுக்கு வெளங்குச்சு. நாயி தட்டுல இல்ல தப்பு, பானையிலதான் தப்புன்னு. மறுநாள் தனக்கும் சுக்குக்கும் மட்டும் அரிசி போட்டு, பானைய மூடிட்டா. மூணு நாளு பல்லக் கடிச்சுட்டு இருந்தா. நாலாம் நாள் ட்ரிங் ட்ரிங்னு தபால்காரர் சைக்கிள் வந்துது. ரூபன் எழுதியிருக்கான். "அம்மா, எனக்குக் கொஞ்சம் காய்ச்சல்."

கடுதாசியில மேல தேதி போட்டிருந்துது. அதப் பாத்திருந்தா, அந்தக் காய்ச்சல் போன வாரத்துக் காய்ச்சல், அவ அரிசிய நிறுத்துறதுக்கு முன்னாலேயே வந்த காய்ச்சல்னு தெரிஞ்சிருக்கும். அவ எங்க தேதியப் பாத்தா. "என் பிள்ளை பேரச் சொல்லாம விட்டேனே, என் பிள்ளை பங்க நிறுத்தினேனே"ன்னு அடுப்படியில உக்காந்து அழுதா. அன்னைக்கே மறுபடியும் எட்டுப் பிடி. மறுபடியும் மூணு உருண்டை.

அப்புறம்?

அப்புறம் விடியக்காலையில, அரிசிப் பானைக்கு முன்னால முழங்கால் போட்டா. "ஆண்டவரே, பிள்ளைகளையும் விட முடியல, இந்த ஜீவனையும் சாகக் குடுக்க முடியல. ஒரு வழி காட்டும்"னு கேட்டா. வானத்துல இருந்து குரலெல்லாம் வரல. செவுத்துல ஒரு பல்லி மட்டும் இச் இச்னுச்சு. அத அவ நம்ப மாட்டா.

எந்திரிச்சு, வழக்கம்போல கலயத்துல ஆண்டவருக்கு ஒரு பிடி போட்டா. பானையில தனக்கும் சுக்குக்கும் போட்டா. அடுத்து, "ஞானராஜக் காத்துக்கோ"ன்னு கை நெறைய அள்ளினா. அரிசிச் சத்தம் கேட்டு சுக்கு அவகிட்ட வரப் பாத்துது. முன்னங்கால் எந்திரிச்சுது. பின்னங்கால் எந்திரிக்கல. முன்னங்கால ஊனிக்கிட்டு, வால மட்டும் ஆட்டிக்கிட்டு அவளையே பாத்துது.

கையில அரிசியோட அப்படியே நின்னா தங்கபுஷ்பம். இந்தப் பக்கம் பானை. அந்தப் பக்கம் கலயம். "ஆண்டவருக்குன்னு போட்ட பிடி இதுவரைக்கும் வீணாப் போனதில்லையே"ன்னு நெனைச்சா. கை மெதுவா கலயத்துப் பக்கம் திரும்புச்சு. சர்ர்ர்னு அரிசி கலயத்துல விழுந்துது. "எலிசாவக் காத்துக்கோ", சர்ர்ர். "ரூபனக் காத்துக்கோ", சர்ர்ர். ஒரு பேரும் விடல. ஒரு பிடியும் குறையல. பானையில மட்டும் ரெண்டு பேர் சோறு.

சனிக்கிழமை உபதேசியார் வந்து கலயத்தத் தூக்கினார். தூக்க முடியல. "என்ன தங்கபுஷ்பம், வீட்ல ஆள் கூடிட்டா?"

"ஆமா அண்ணாச்சி. பிள்ளைங்க மூணு பேரும் இப்போ உங்க சாக்குலதான் சாப்பிடுதாங்க."

ம். சாக்குலயா?

சாக்குலதான். பேசாம கேளு. அப்புறம் காலையில ஒரு பிடி சோறு, ஒரு பிடி சுரைக்காய். சாயங்காலமும் அதேதான். சுக்கு பானைய எட்டிப் பாக்கும், பானையில ஒண்ணும் இருக்காது. ஊங்னு சொல்லும். அவ காதச் சொறிஞ்சு விடுவா. மொத வாரம் வாசப்படி வரைக்கும் நடத்திக் கூட்டிட்டுப் போனா. அடுத்த மாசம் வேப்பமரம் வரைக்கும். அதுக்கடுத்து கோயில் வரைக்கும். கருப்பட்டிக் கடைத் தராசு பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை அரை கிலோ, கால் கிலோன்னு எறங்குச்சு. அவசரமே படல. கிறிஸ்மஸ் வந்துது, போச்சு. சுக்கு பாத்துது. ஒரு நாள் காலையில தடவிக் குடுக்கும்போது, விரலுக்குக் கீழ டொக் டொக்னு என்னமோ தட்டுச்சு. விலா எலும்பு. அவ கண்ணு கலங்கிட்டு.

அடுத்த வருஷம் பண்டிகைக்குப் பிள்ளைங்க மூணு பேரும் ஒண்ணா வர்றதா எழுதியிருந்தாங்க. எத்தன வருஷத்துக்கு அப்புறம். அவ வாசல்ல நிக்கா. தூரத்துல பாம் பாம். சுக்கு காதத் தூக்குச்சு. உடம்பையும் தூக்குச்சு. மூணு படியையும் ஒரே தாவு. சல் சல் சல் சல்னு செம்மண்ணு பறக்க ஓடிட்டு. தங்கபுஷ்பம் முந்தானைய இழுத்துச் சொருகினா.

அசனப் பந்தியில அம்மாவும் பிள்ளைங்களும் வரிசையா உக்காந்தாங்க. இலையில ஆவி பறக்கச் சோறு விழுந்துது. ஞானராஜ் பந்திக்கு வெளிய படுத்திருந்த சுக்கப் பாத்துட்டு, "என்னம்மா, நாயி இப்படி மெலிஞ்சு போச்சு. சோறு போடுதியா இல்லையா?"ன்னான்.

"உங்க பங்கையெல்லாம் இத்தன நாளும் இவன்தான் தின்னுக்கிட்டு இருந்தான். அத நிறுத்திட்டேன்."

"எங்க பங்கா? அப்போ அது எங்க?"

"இலையில இருக்குய்யா. ஆறதுக்குள்ள சாப்பிடு."

அவன் சாப்பிட்டான். எலிசா சாப்பிட்டா. ரூபன் ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான். தங்கபுஷ்பம் பாத்துக்கிட்டே இருந்தா.

அவ்வளவுதான் மக்கா. சுக்கும் படுத்துட்டு, கதையும் படுத்துட்டு, நீயும் படு. நாளைக்கு அரிசி அளக்கையில உன்ன எழுப்புதேன். வெளியூர்ல இருக்கிற உங்கம்மா பேர நீ சொல்லு, பிடிய நான் போடுதேன். இப்போ, கட்டிலுக்குக் கீழ நம்ம நாயி ரொம்ப நேரமா வாலத் தட்டிக்கிட்டுக் கெடக்கு. தலகாணிக்கு அடியில ஒளிச்சு வச்சிருக்கிற அந்த ரஸ்க்க என் கையில குடுத்துட்டுக் கண்ண மூடு.