இருட்டில் போன பந்து

மலைக்கு மேலே, ஏலக்காய்த் தோட்டங்களும் முடிந்துபோகிற இடத்தில் நெட்டைச்சாமி இருந்தார். காவி கிடையாது, தாடி கிடையாது. வாசலைத் தாண்டும்போதெல்லாம் குனிய வைக்கிற உயரம் மட்டும் உண்டு. அதிகம் பேசமாட்டார். பேசினால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. தோட்டத்து ஆட்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. சாமி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

அவரிடம் ஒரு மார்கழியில் ஒச்சப்பன் வந்து சேர்ந்தான்.

ஒச்சப்பனைத் தெரியாத ஆள் கீழே யாரும் இல்லை. கருவேலம்பட்டியில் டீக்கடைக்காரர் அவனிடம் காசு வாங்கமாட்டார். பிறக்கிற பிள்ளைக்கெல்லாம் அவன் பேர். எல்லாம் ஒரே ஒரு பந்தால் வந்த மரியாதை. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

பல வருஷத்துக்கு முன்னால், கருவேலம்பட்டிக்கும் மேலத்துறைக்கும் கூடைப்பந்து ஃபைனல். மின்னொளி ஆட்டம். கேலரி கொள்ளாத கூட்டம், புளியமரத்திலும் ஆள். முக்கால் ஆட்டம் முடிந்தபோதே கருவேலம்பட்டி கதை முடிந்தது என்று பாதிப் பேர் எழுந்து செருப்பைத் தேடினார்கள். அப்போதுதான் ஒச்சப்பன் ஆட ஆரம்பித்தான். ஆட்டமா அது! இடது பக்கம் போகிறான் என்று நாலு பேர் ஓடினால் வலது பக்கம் நிற்பான். பந்து கையை விட்டுப் போவது தெரியும், வளையத்தில் விழுவது தெரியும், நடுவில் நடந்ததை யாரும் பார்த்ததில்லை. எழுந்தவர்கள் கையில் செருப்போடு அப்படியே நின்றுவிட்டார்கள். கடைசியில் ஒரே ஒரு புள்ளிதான் பாக்கி. நேரமும் முடிகிறது. ஒச்சப்பன் எம்பினான். பந்து விரலை விட்டுக் கிளம்பியது. கரண்ட் போனது.

கும்மிருட்டு. அந்த இருட்டில் வளையத்தில் தொங்கும் நெட்டு சரக்கென்று அசைந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. பிறகு விசில்.

ஜெனரேட்டர் உறுமி வெளிச்சம் வந்தபோது பந்து தரையில் உருண்டுகொண்டிருந்தது. விழுந்தது என்று ஒரு கூட்டம், விழவில்லை என்று ஒரு கூட்டம். நாற்காலி பறக்கிற நேரம். நடுவர் பாவம், அவருக்கும் இருட்டுதானே! வளையத்துக்கு நேர் கீழே நின்றவன் மேலத்துறை கிருபாகரன் ஒருத்தன்தான். அவனைக் கூப்பிட்டார்.

“நீ சொல்லுப்பா. விழுந்துச்சா, இல்லையா? நீ சொல்றதுதான் முடிவு.”

கிருபாகரன் வளையத்தை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தான்.

“விழுந்துச்சு சார்” என்றான்.

கப் கருவேலம்பட்டிக்குப் போனது. ஒச்சப்பனைத் தோளில் தூக்கியவர்கள் அப்புறம் இறக்கவே இல்லை. கிருபாகரனுக்கோ, சொந்த டீமைக் காட்டிக் கொடுத்தவன் என்று பேர். ஊரில் ஒருத்தரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு மலையேறிவிட்டான். அவன்தான் நெட்டைச்சாமி.

அந்த ஆட்டத்துக்குப் பிறகு ஒச்சப்பன் வளையத்தைப் பார்த்து ஒரு பந்துகூடப் போட்டதில்லை. கைக்கு வரும் பந்தைப் பக்கத்தில் இருப்பவனிடம் கொடுத்துவிடுவான். எவ்வளவு பெருந்தன்மை பாருங்கள் என்றார்கள். பெருந்தன்மையாவது, மண்ணாவது! கை எழும்பவில்லை.

வருகிற பொங்கலுக்குப் புதுக் கோர்ட் திறக்கிறார்கள். அதற்கு அவன் பேர். மாலை போட்டு, மைக்கைக் கையில் கொடுத்து, அந்தக் கடைசிப் பந்தின் கதையை அவன் வாயாலேயே கேட்கப்போகிறார்கள். அதை நினைத்தாலே அவனுக்குச் சோறு இறங்கவில்லை. பதில் தெரிந்தவர் ஒரே ஆள்தான் என்று மலையேறி வந்துவிட்டான்.

“வாய்யா, கடைசிப் பந்து” என்றார் சாமி, நேற்றுப் பார்த்துப் பிரிந்தவர் மாதிரி.

“ஒரே ஒரு கேள்வி சாமி. கேட்டுட்டுப் போயிடுறேன்.”

“கேள்வி எங்கயும் ஓடிடாது. கஞ்சி ஆறிடும். குடி.”

குடித்தான். குடித்துவிட்டுக் கேட்டான். “அன்னைக்குப் பந்து விழுந்துச்சா?”

சாமி தட்டைக் கழுவிக் கவிழ்த்தார். “காலையில வா, பந்து போடுவோம்” என்றார்.

அங்கே மூடிக்கிடக்கும் ஒரு பள்ளிக்கூடம். அதன் மைதானத்தில் ஒரு கம்பம், ஒரு துருப்பிடித்த வளையம். நெட்டு மட்டும் புதுசு. சாமியே கயிறு முடைந்து கட்டியது.

காலையில் போனால் வளையமும் இல்லை, கம்பமும் இல்லை. மேகம் தரையில் இறங்கி உட்கார்ந்திருந்தது. சாமி அதற்குள் நாலு எட்டு வைத்தார், காணாமல் போனார். கொஞ்ச நேரம் கழித்து வெள்ளைக்குள்ளிருந்து ஒரு பந்து உருண்டு வந்து ஒச்சப்பன் காலைத் தொட்டது.

“போடு” என்றது குரல்.

“கை எழும்பாது சாமி.”

“வளையம் தெரியுதா?”

“ஒண்ணுமே தெரியல.”

“தெரியாத வளையத்துக்கு என்னய்யா பயம்? போடு.”

ஒச்சப்பன் பந்தை எடுத்தான். ஈரமாக, சில்லென்று இருந்தது. எங்கேயோ ஒரு குருவி கத்தலைப் பாதியில் நிறுத்தியது. அவனைச் சுற்றி ஆயிரம் பேர் கையில் செருப்போடு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது போலிருந்தது. எம்பினான். கை எழும்பியது! பந்து மேகத்துக்குள் போனது, போய்க்கொண்டே இருந்தது. எங்கோ சரக்கென்று ஒரு சத்தம்.

“விழுந்துச்சா சாமி?”

பந்து மட்டும் திரும்பி உருண்டு வந்தது.

அன்றிலிருந்து அதுதான் நடந்தது. ஒச்சப்பன் விறகு பொறுக்கினான், கஞ்சி வைத்தான், விடிந்ததும் மேகத்துக்குள் பந்து போட்டான். எது காலை, எது கனவு என்று சில நாள் அவனுக்கே பிடிபடவில்லை. தூக்கத்திலும் பந்து போனது, விழித்தாலும் போனது. ஒவ்வொரு தடவையும் கேட்டான், “விழுந்துச்சா?” ஒவ்வொரு தடவையும் பந்துதான் வந்தது. நாளாக ஆக அது கைக்கு இதமாகக்கூட இருந்தது. ஆனால் பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒருநாள் பொறுமை போய்விட்டது. வந்த பந்தைக் காலால் எத்தினான்.

“எத்தனை நாளா ஒரே கேள்வியைக் கேக்குறேன்! வாயில என்ன கொழுக்கட்டையா?”

மேகத்துக்குள் சாமி சிரித்தது கேட்டது.

“அன்னைக்கு உன் வாயில என்னய்யா இருந்துச்சு?”

ஒச்சப்பனுக்குச் சுரீரென்றது.

“என்ன சாமி சொல்றீங்க?”

“நடுவர் என்னைக் கேட்டாரு. நீ எங்க நின்னே?”

“பக்கத்துலதான்.”

“என்ன பண்ணிக்கிட்டு இருந்தே?”

ஒச்சப்பன் ஈரப் புல்லில் உட்கார்ந்துவிட்டான். இத்தனை வருஷம் அவனிடம் யாரும் கேட்காத கேள்வி அது. அன்றைக்கும் யாரும் கேட்கவில்லை. கேட்காதது எவ்வளவு சௌகரியமாக இருந்தது!

குரல் மெதுவாக வந்தது. “நீ மலையேறினது விழுந்துச்சான்னு கேக்கவா, விழலைன்னு சொல்லவா?”

எங்கேயோ குருவி மறுபடி கத்த ஆரம்பித்தது.

“விழல சாமி” என்றான் ஒச்சப்பன். “பந்து கையை விட்டப்பவே விரலுக்குத் தெரிஞ்சுபோச்சு. ஒரு சாண் குறைச்சல். நெட்டை வெளிப்பக்கமா உரசிட்டுக் கீழ போயிருக்கும். எல்லாருக்கும் கேட்டது அந்தச் சத்தம்தான்.”

சொன்னதும் அழுகை பீறிட்டது. அடக்கவில்லை. மேகம்தானே, யார் பார்க்கப்போகிறார்கள். அழுது முடித்துத் துண்டில் முகத்தைத் துடைத்தான்.

“நீங்க பார்த்தீங்களா சாமி?”

“எதைப் பார்க்க? என் கையே எனக்குத் தெரியல. சத்தம் கேட்டுச்சு. விழுந்த சத்தம் மாதிரி இருந்துச்சு.”

“மாதிரிதானே? உங்களுக்கும் சந்தேகம் இருந்திருக்கும்ல?”

“இருந்துச்சு.”

“விழலைன்னு சொல்லியிருந்தா கப் உங்களுக்கு. ஊரும் உங்களைத் தோள்ல தூக்கியிருக்கும்.”

“ஆமாய்யா. அதனாலதான் அப்படிச் சொல்ல வாய் வரல. சந்தேகத்தை நம்ம பக்கமே எப்படிச் சாய்ச்சுக்குறது?”

ஒச்சப்பன் தலை நிமிரவில்லை. சந்தேகம் இருந்தவர் கப்பை விட்டுவிட்டு மலைக்கு வந்திருக்கிறார். சந்தேகமே இல்லாதவன் வாயை மூடிக்கொண்டு தோளில் ஏறியிருக்கிறான். வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது.

வெயில் ஏறியது. மேகம் மெல்லக் கிழிந்து, முதலில் வளையம் வந்தது, பிறகு நெட்டு, பிறகு அதன் கீழே உயரமாக நின்ற மனிதர். பந்தைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். தலைமுடியெல்லாம் பனி.

ஒச்சப்பன் எழுந்து பக்கத்தில் போனான். அன்றைக்குப் பிறகு இருவரும் ஒரே வளையத்தின் கீழ் நிற்பது இதுதான் முதல் தடவை.

“நாளன்னைக்குப் பொங்கல் சாமி. மைக்கைக் கையில குடுத்துருவாங்க. ஊரே உக்காந்திருக்கும். நான் என்ன சொல்லட்டும்? நீங்களே சொல்லுங்க.”

சாமி பந்தை அவன் கையில் வைத்தார்.

“அன்னைக்கும் உனக்குப் பதிலா நான்தான் வாயைத் திறந்தேன். இன்னைக்கும் நானேவா?”