கெட்சலின் புகார்

டோல்னிட்ஸா ஊரில் யூதர்கள் குடியிருந்த தெருவுக்குக் கெட்சல் ஒரு தலைவலி. வண்டியோட்டிப் பிழைப்பவன். வாயைத் திறந்தால் புகார்தான்.

அதற்கு வசதியாக ஒரு வழக்கம் வேறு இருந்தது. ஓய்வுநாளான சனிக்கிழமை காலையில், ஜெப ஆலயத்தில் தோரா என்னும் வேதச் சுருளைப் பிரிக்கும் முன், மனக்குறை உள்ள எவரும் எழுந்து போய் வாசிப்பு மேசைமேல் கை வைக்கலாம். அந்தக் குறைக்குப் பதில் சொல்லாமல் சுருளைத் திறக்கக் கூடாது. பெரிய மனிதர்களால் ஏமாற்றப்பட்டவனுக்கு வேறு நாதி இல்லை என்று முன்னோர் செய்து வைத்த ஏற்பாடு. கெட்சல் அதை வாராவாரம் பயன்படுத்தினான். அடுப்பு புகைகிறது என்பான். பக்கத்து வீட்டு வாத்து தன்னை முறைக்கிறது என்பான். வீட்டில் சாப்பாடு ஆறிக்கொண்டிருக்க, ஊரே பல்லைக் கடித்துக்கொண்டு கேட்கும்.

அந்தக் குளிர்காலத்தில் கவர்னரின் உத்தரவு ஒன்று தெருமுனையில் ஒட்டப்பட்டது. மறுநாள் அது கிழிந்து கிடந்தது. காற்று கிழித்ததா, கை கிழித்ததா, யாருக்கும் தெரியாது. கவர்னருக்கு அதைத் தெரிந்துகொள்ளும் அவசியமும் இல்லை. ஓய்வுநாள் காலையில் ஓர் ஆளைக் கொடுங்கள், தூக்கில் போடவேண்டும், யாராக இருந்தாலும் சரி, இல்லையென்றால் தெருவையே காலி செய்யுங்கள் என்று சொல்லியனுப்பினார்.

பெரியவர்கள் கூடினார்கள். யாரும் பேரைச் சொல்லவில்லை. எல்லார் மனதிலும் ஒரே பேர்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை மதியம் கெட்சலை நைசாகப் பேசி ஊர்ப் பொதுக் குளியல் வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பூட்டிவிட்டார்கள். சாவியை நம்பிக்கையான ஆளிடம் கொடுக்க வேண்டுமே என்று அன்ஷெலிடம் கொடுத்தார்கள்.

அன்ஷெல், ஊரின் மதகுருவான ரபி பெசாலேலின் மூத்த சீடன். தாடி நரைத்துவிட்டது. வேதச் சட்டத்தில் மயிரிழை பிசகமாட்டான். அன்று சாயங்காலம் அவன் குருவைத் தேடிப் போனான்.

"ரபி, ஒருத்தன் போனா ஊரே பிழைக்கும்னா, அவனைக் கொடுக்கலாமா?"

"யாரை?"

"கெட்சலை."

"எங்க இருக்கான்?"

"பூட்டி வச்சிருக்கு."

ரபி அவன் முகத்தைப் பார்த்தார். அன்ஷெல் தரையைப் பார்த்தான்.

"தோரா என்ன சொல்லுது, ரபி?"

"நாளைக்கு எல்லாரும் கூடி வாசிக்கத்தானே போறோம். அப்ப கேட்போம்."

காலையில் அன்ஷெலுக்கு ஒரு சிக்கல் வந்தது. ஓய்வுநாளில் தெருவில் எதையும் சுமந்து போகக் கூடாது. சாவியைக் கையிலும் எடுக்க முடியாது, பையிலும் போட முடியாது. உடுப்பின் பகுதியாக இருந்தால் மட்டும் குற்றமில்லை. ஆகவே சாவியையே கொக்கியாக வைத்து இடுப்புக் கச்சையைப் பூட்டிக்கொண்டான். பாவம் எதுவும் செய்யாமல் ஜெப ஆலயத்துக்கு வந்து சேர்ந்த நிம்மதி அவனுக்கு.

வெளியே முற்றத்தில் சிப்பாய்கள் நின்றார்கள். உள்ளே யாரும் யாரையும் பார்க்கவில்லை. சுருளை எடுத்து மேசைமேல் வைத்தார்கள்.

ரபி எழுந்தார். போய் மேசைமேல் கை வைத்தார்.

ஊர்த்தலைவர் ஸெலிக், மரக்கடைக்காரர், பாய்ந்து வந்தார்.

"ரபி, இன்னைக்கு வேண்டாம். வாசலைப் பாருங்க."

"வாராவாரம் இங்க ஒருத்தன் வந்து நிப்பான். இன்னைக்குக் காணோம். அவனுக்கு இந்த வாரம் குறையே இல்லையா?"

பின்னால் யாரோ சிரிக்கப் போய் அடக்கிக்கொண்டார்கள்.

"அவன் வந்து சொல்லட்டும். அதுவரைக்கும் சுருள் திறக்காது."

"பச்சைக் குழந்தைகள் இருக்கு, ரபி!" ஸெலிக்கின் குரல் உடைந்தது. "பனியில எங்க கொண்டுபோறது? மனசைக் கல்லாக்கிக்கிட்டு எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவு இது."

"எல்லாருமா? கெட்சலும் ஒத்துக்கிட்டானா?"

ஸெலிக் திரும்பி வாசலைப் பார்த்தார்.

கதவைத் தள்ளிக்கொண்டு சிப்பாய்களின் அதிகாரி வந்தான். "இன்னும் என்ன தாமதம்?"

"எங்க ஆள் ஒருத்தர் வரணும்," என்றார் ரபி.

"யாரு?"

"நீங்க கேக்குற ஆள்தான்."

அதிகாரி சிரித்தான். "நல்லதாப் போச்சு. கூப்பிடுங்க."

ரபி திரும்பி அன்ஷெலின் இடுப்பைப் பார்த்தார்.

"அழகா மாட்டியிருக்க," என்றார்.

அன்ஷெலின் காது வரை சூடேறியது. சாவியை உருவினான். கச்சை அவிழ்ந்து கீழே விழுந்தது. அதை எடுக்கக்கூட நிற்காமல், சாவியைக் கையில் பிடித்தபடி, ஊர் பார்க்க, ஓய்வுநாளில், தெருவில் ஓடினான்.

கெட்சல் வந்தான். காலில் செருப்பில்லை, தாடியில் வைக்கோல். அதிகாரியைப் பார்த்ததும் அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. மெல்ல நடந்துபோய் மேசைமேல் கை வைத்தான். ரபி தன் கையை எடுத்துக்கொண்டார்.

"சொல்லு, கெட்சல்."

அத்தனை வருடம் பேசியவனுக்கு அன்று பேச்சு வரவில்லை.

"குளியல் வீட்ல... அடுப்பு பத்த வைக்கல," என்றான் கடைசியில். "ராத்திரி பூரா குளிர்."

"பதில் சொல்லணும், ஸெலிக்," என்றார் ரபி. "வழக்கம் அதுதானே."

ஸெலிக் கெட்சலின் வெறுங்காலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தன் கம்பளி அங்கியைக் கழற்றி அவன் தோளில் போட்டார். அதிகாரியிடம் திரும்பினார்.

"கொடுக்க எங்ககிட்ட ஆள் இல்லை, ஐயா."

"யோசிச்சுப் பேசு. நாளைக்குத் தெருவுல ஒரு வீடு இருக்காது."

"தெரியும்."

அதிகாரி மற்றவர்களைப் பார்த்தான். யாராவது ஒருவர் கை காட்டினால் போதும் என்று காத்திருந்தான். ஒரு கையும் அசையவில்லை. அவன் காறித் துப்பிவிட்டு வெளியேறினான். அதன்பிறகு அவர்கள் சுருளைத் திறந்து வாசித்தார்கள்.

கவர்னர் சொன்ன சொல் தவறவில்லை. மறுநாள் வண்டிகள் கிளம்பின. பனி கொட்டியது. முதல் வண்டியைக் கெட்சல் ஓட்டினான். கடைசி வண்டிக்குப் பின்னால் ரபியும் அன்ஷெலும் நடந்தார்கள். அன்ஷெலின் இடுப்பில் கச்சைக்குப் பதில் ஒரு கயிறு. சாவி குளியல் வீட்டுக் கதவிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

மேடு ஏறியதும் அவன் திரும்பிப் பார்த்தான். கூரைகளுக்கு மேல் கரும்புகை எழுந்தது. அழுதுவிட்டான்.

"நாம செஞ்சது சரிதானா, ரபி? ஊரே போச்சே."

முன்னால் வெகுதூரத்தில் கெட்சல் யாரையோ திட்டிக்கொண்டிருந்தான். குதிரைக்கு லாடம் சரியில்லையாம். பாதையைத் தேர்ந்தெடுத்தவனுக்குக் கண் இல்லையாம். ஸெலிக்கின் அங்கி முதுகில் குத்துகிறதாம்.

ரபி நின்று கேட்டார்.

"ஊர் முன்னால போயிட்டிருக்கு," என்றார். "காது கேக்கலையா உனக்கு?"